பார்வை: முதல் வேட்டையும் மேற்குச் சென்னை ஏரிகளும்

வேட்டை என்னும் சொல், காட்டுயிர்களைத் தேடிச் சென்று பிடிப்பதையும் கொல்வதையும் குறிப்பதாகவே அகராதிகளில் நின்றாலும், வேட்டையை நம்பி வாழ்ந்த சமூகங்களில் அது இளையோருக்கான ஒரு கல்விமுறையாகவும் இருந்து வந்திருக்கிறது. பெரியவர் ஒருவர் சிறுவனை விடியலுக்கு முன் எழுப்பித் தம்முடன் அழைத்துச் செல்வதும், பேசாதே, அசையாதே, காத்திரு என்னும் மூன்று கட்டளைகளை மட்டும் தந்து ஒரு மரத்தடியில் அவனை உட்காரவைப்பதும், இருட்டில் கேட்ட ஒலிகள் எந்தெந்த உயிருக்கு உரியவை என்று திரும்பும் வழியில் சொல்லிக் கொடுப்பதும் அந்தக் கல்வியின் முதல் பாடம். வேட்டை சட்டத்தால் நின்றுபோன ஒரு நாட்டில், அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களின் ஏரிக்கரைகளில், அந்த முதல் நாள் என்ன வடிவத்தில் தொடர முடியும் என்பதே இவ்வுரையின் பொருள்.

அந்த முதல் நாள் பழைய வடிவிலேயே இன்றும் நடைமுறையில் இருக்கும் இடங்களுள் வட அமெரிக்கா ஒன்று. அங்கே இளையோரை முதன்முதலில் அழைத்துச் செல்லும் வேட்டைகளில் காட்டு வான்கோழி வேட்டைக்குத் தனி இடம் உண்டு. வசந்த காலத்தில் ஆண் வான்கோழி தோகை விரித்து, தொண்டையிலிருந்து தொடர்ச்சியாகக் கொக்கரித்துப் பெட்டைகளை அழைக்கும். இரவில் அது மரக்கிளையில் அடையும் பறவையாதலால், முதல்நாள் மாலையிலேயே காட்டோரத்தில் நின்று அது எந்த மரத்தில் அடைகிறது என்று காதால் அறிந்துகொண்டு, மறுநாள் இருள் பிரியும் முன் அதற்குச் சற்றுத் தள்ளிப் பெரியவரும் இளையவரும் அமர்ந்துவிடுகிறார்கள். அவர்கள் சாய்ந்து அமரும் மரம் தோளைவிட அகலமானதாக இருக்க வேண்டும் என்பது விதி. பின்னாலிருந்து வரும் இன்னொரு வேட்டைக்காரரின் குண்டு முதுகில் படாமலிருக்க அது காப்பு. சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய நிறங்களில் ஒரு கைக்குட்டைகூட வைத்திருக்கலாகாது என்பது இன்னொரு விதி. ஆண் வான்கோழியின் தலையில் தோன்றும் நிறங்கள் அவையே என்பதால், மனிதரையே பறவை என்று எண்ணி யாரேனும் சுட்டுவிடக்கூடும். சிறு மரப்பெட்டியை உரசியோ, பலகைக்கல்லின் மீது குச்சியைத் தேய்த்தோ பெட்டையின் குரலைப் போலி செய்து பெரியவர் அழைக்கிறார். பறவை வரலாம், பதில் குரல் மட்டும் கொடுத்துவிட்டு வேறு பக்கம் போகலாம், பதிலே தராமலும் இருக்கலாம். அதன் கண் மிகக் கூரியது. விரல் அசைந்தால் போதும், அன்றைய வேட்டை முடிந்தது. பல மாநிலங்களில் பருவம் தொடங்குவதற்கு முன் ஓரிரு நாள்களை இளையோருக்கென்றே ஒதுக்கி, உடன் ஒரு பெரியவர் இருந்தாக வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள்.

இந்த ஏற்பாடு முழுவதும் அளவற்ற வேட்டை ஏற்படுத்திய அழிவுக்குப் பின் எழுந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் காட்டை வெட்டியும் கண்டபடி சுட்டும் காட்டு வான்கோழியைப் பல மாநிலங்களில் அடியோடு இல்லாமலாக்கிய அமெரிக்கர்கள், 1937இல் துப்பாக்கி, தோட்டா விற்பனையின் மீதான தனி வரிப் பணத்தைக் காட்டுயிர் மீட்புக்கே செலவிடச் சட்டம் செய்தார்கள். எஞ்சிய காடுகளில் வலை வீசிப் பிடித்த பறவைகளை அவை அற்றுப்போன காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். இன்று அங்கே காட்டு வான்கோழிகள் பல லட்சம் உள்ளன. சுடுபவர்களே காப்பதற்கும் பணம் தருகிறார்கள் என்னும் அந்த ஏற்பாட்டை இந்தியாவில் அப்படியே நட முடியாது. நட வேண்டிய தேவையும் இல்லை.

தமிழ் வாசகருக்கு வான்கோழி என்றதும் நினைவுக்கு வருவது, மயிலின் ஆட்டத்தைப் பார்த்துத் தானும் ஆடிய பறவையாக மூதுரை காட்டும் உவமைதான். ஆனால் இன்று வான்கோழி என்று அழைக்கப்படும் பறவை அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது; 1492க்குப் பிறகே அது கடல் கடந்தது; 1612இல் கோவாவிலிருந்து முகலாய அலுவலர் முகரப்கான் வாங்கி வந்து கொடுத்தபோது, பேரரசர் ஜஹாங்கீர் அதை அதிசயமாகப் பார்த்துத் தம் நினைவுக் குறிப்பில் பதிவு செய்து, அரசவை ஓவியர் உஸ்தாத் மன்சூரைக் கொண்டு வரையச் செய்தார். அவ்வையார் வாழ்ந்ததாகக் கருதப்படும் காலம் அதற்கு முந்தியது என்றால், மூதுரையின் வான்கோழி வேறொரு பறவையாகவே இருந்தாக வேண்டும். அதே பறவைதான் என்றால் அந்தப் பாடல் பிந்தியதாக வேண்டும். இரண்டில் ஒன்றே உண்மையாக இருக்க முடியும். இப்போதைக்கு இங்கே வான்கோழி பண்ணைப் பறவை மட்டுமே. சென்னையிலேயே நாட்டு இனத்தையும் வெளிநாட்டு வெள்ளை இனத்தையும் கலந்து 'நந்தனம் வான்கோழி-1' என்னும் வகை உருவாக்கப்பட்டிருக்கிறது.

ஆகவே இங்கே வான்கோழியை வேட்டையாட முடியாததற்குக் காரணம் அது காட்டில் இல்லை என்பது. மற்றப் பறவைகளை வேட்டையாட முடியாததற்குக் காரணம் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அந்தச் சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் விளக்கம் பலர் நினைப்பதைவிட அகலமானது: கொல்வது மட்டுமின்றி, பிடிப்பது, கண்ணி வைப்பது, துரத்துவது, இரை காட்டி இழுப்பது, இவற்றுக்கு முயல்வது ஆகிய அனைத்தும் வேட்டையே, பறவையைப் பொறுத்தவரை முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும்கூட வேட்டையே. உரிமம் பெற்று விளையாட்டாகச் சுடுவதற்கு எஞ்சியிருந்த வழியை 1991ஆம் ஆண்டின் திருத்தம் அடைத்தது. காகத்தையும் எலியையும் பழந்தின்னி வௌவாலையும் தீங்குயிர்கள் என்று தனியே ஒதுக்கி வைத்திருந்த அட்டவணையை 2022ஆம் ஆண்டின் திருத்தம் நீக்கியது. அது 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஏரிக்கரையில் உண்டிகோலால் கொக்கைக் குறிபார்க்கும் பையன், விளையாட்டாகச் செய்தாலும், சட்டத்தின் கண்ணில் வேட்டைக்காரனே.

தொண்டை நாட்டில் வேட்டைக்கு நீண்ட பதிவு உண்டு. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, எயினர் என்னும் வேட்டுவக் குடியினர் இரவில் நீர்நிலையருகே குழிக்குள் ஒடுங்கிக் காட்டுப்பன்றி வருவதை எதிர்நோக்கி இருப்பதையும், அந்த நள்ளிரவு வேட்டை வாய்க்காவிட்டால் பகலில் நாயும் வலையும் கொண்டு முயல் பிடிப்பதையும் சொல்கிறது. வேட்டை பொய்த்துப்போவதை ஓர் இயல்பான நிகழ்வாகவே அப்பாட்டு எடுத்துக்கொள்கிறது என்பது இங்கே கவனத்துக்குரியது. அதே பாட்டில், எயினரின் குடிசை முற்றத்தில் விளாமரத்தடியில் ஒரு மான் கட்டப்பட்டிருக்கிறது. அது வளர்ப்புப் பிராணி அன்று; காட்டு மான்களை அருகே வரவழைப்பதற்காகப் பழக்கி வைத்த மான். இவ்வாறு தன் இனத்தை இழுத்துவரப் பழக்கப்பட்ட விலங்குக்கும் பறவைக்கும் பழந்தமிழில் வழங்கிய பெயர் 'பார்வை'.

கண்ணால் காண்பதைக் குறிக்கும் சொல்லே ஏமாற்றி இழுக்கும் கருவியையும் குறித்தது. கூண்டிலிட்ட கௌதாரியைப் புதரோரம் வைத்து, அதன் குரலுக்குச் சண்டையிட வரும் காட்டுக் கௌதாரியைக் கண்ணியில் சிக்கவைக்கும் முறை தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அண்மைக்காலம் வரை இருந்தது. அந்தக் கூண்டுக் கௌதாரி பார்வைப் பறவையே. அமெரிக்க வேட்டைக்காரரின் மரப்பெட்டி எழுப்பும் பெட்டைக் குரலும் அதன் உறவுதான். இந்த இரண்டு பொருள்களில் எதை இளையோரிடம் கையளிப்பது என்பதைச் சுற்றியே இவ்வுரையின் மற்றப் பகுதி அமைகிறது.

குரலால் அழைக்கும் கலையில் தமிழகத்தில் முதலிடம் பெறத்தக்கவர்கள், நரிக்குறவர் என்றும் குருவிக்காரர் என்றும் பிறர் அழைக்கும், வாக்ரிபோலி என்னும் தாய்மொழியைப் பேசும் மக்கள். நரியின் ஊளையை அச்சு அசலாக எழுப்பி நரிகளையே வரவழைக்கும் அவர்களுடைய திறனை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளில் காணலாம். ஆவடியிலும் அவர்களுக்குக் குடியிருப்பு உண்டு. 2022 ஏப்ரலில் முதலமைச்சர் அங்கே வந்து சென்றபோது நாளேடுகள் அதைப் பெரிதாக வெளியிட்டன. அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை நிறைவேற்றியது. 1972ஆம் ஆண்டின் சட்டம் அவர்கள் தொழிலைக் குற்றமாக்கியது. ஊசியும் பாசிமணியும் விற்றுப் பிழைக்க வேண்டியதாயிற்று. சட்டம் தேவையானதே. ஆயினும் எந்தப் புதரில் எந்தப் பறவை எந்த மாதத்தில் முட்டையிடும் என்று தந்தை மகனுக்குச் சொல்லி வந்த அறிவு, பறவைக் கணக்கெடுப்புகளில் எங்கும் இடம்பெறாமல் கரைந்து வருவது வருந்தத்தக்கது. அந்த முதியவர்களைத் தேடிச் சென்று கேட்டு எழுதிவைப்பதைப் பறவை ஆர்வலர்கள் தம் கடமையாகக் கொண்டிருக்க வேண்டும்.

வேட்டையாடுவோரின் கோணத்திலிருந்தே சில பறவைகள் தமிழில் பெயர் பெற்றிருக்கின்றன. ஆள்காட்டி என்பது நீரோரத் தரையில் முட்டையிடும், கண்ணருகே சிவப்புத் தசைமடிப்புக் கொண்ட பறவை. மனிதர் வருவதைக் கண்டவுடன் கூவிப் பறந்து மற்ற உயிர்களுக்குத் தெரிவித்துவிடுவதால், பதுங்கிச் செல்லும் வேட்டுவனுக்கு அது ஆளைக் காட்டிக்கொடுக்கும் பறவையாயிற்று. குருட்டுக் கொக்கு என்பது மடையானுக்கு வழங்கும் இன்னொரு பெயர். மிக அருகே நெருங்கும்வரை பறக்காமல் அசைவற்று நிற்பதால் அதற்குக் கண் தெரியாது என்று எண்ணினார்கள். உண்மையில் அது, தன் பழுப்புக் கோடுகள் சேற்றோடு கலந்துவிடும் என்ற துணிவில் நிற்கிறது.

ஆங்கிலேயர் வந்த பின் சென்னையைச் சுற்றிய ஏரிகளும் நெல்வயல்களும் உள்ளான் சுடும் களங்களாயின. உள்ளான் என்பது நீண்ட அலகு கொண்டு சேற்றைக் குத்தி இரை தேடும் சிறு பறவை. காலடியில் திடீரென எழுந்து கோணல்மாணலாகப் பறப்பதால் அதைச் சுடுவது கடினம். அதன் ஆங்கிலப் பெயரிலிருந்தே, மறைந்திருந்து குறி தவறாது சுடும் படைவீரரைக் குறிக்கும் 'ஸ்னைப்பர்' என்னும் சொல் பிறந்தது என்பதும், 18ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த படையினரின் கடிதங்களிலேயே அந்த வழக்கின் தொடக்கம் காணப்படுகிறது என்பதும் பலர் அறியாத செய்தி. சுட்டவர்களுக்கு நடுவே எழுதிவைத்தவர்களும் இருந்தார்கள். புனித ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த எட்வர்ட் பல்க்லி அனுப்பிய பறவைப் படங்களும் குறிப்புகளும் 1713இல் இயற்கையியலாளர் ஜான் ரேயின் நூலில் இடம்பெற்றன. இந்தியப் பறவைகளைப் பற்றி அச்சேறிய மிகப் பழைய பட்டியல்களுள் ஒன்று சென்னைப் பறவைகளுடையது.

ஏரிப் பறவைகளைத் துப்பாக்கியிலிருந்து காத்த முதல் முயற்சியும் இந்தப் பகுதியிலேயே, அரசுக்கு முந்தி ஊராரால் தொடங்கப்பட்டது. அம்பத்தூரும் பூவிருந்தவல்லியும் பிற்காலத்தில் அடங்கியிருந்த அதே செங்கல்பட்டு மாவட்டத்தில், வேடந்தாங்கல் ஏரியில் படையினர் பறவைகளைச் சுடுவதைப் பொறாத ஊர்மக்கள் ஆட்சியர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, அவற்றைக் காக்கும் உரிமையை 1798இல் எழுத்தாகப் பெற்றார்கள். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்று அவர்கள் கண்டிருந்தார்கள். வேடந்தாங்கல் என்னும் பெயருக்கு வேடர்களின் சிற்றேரி என்பது பொருள். தாங்கல் என்றால் சிறிய ஏரி.

துப்பாக்கி ஏந்திய கை குறிப்பேட்டுக்கு மாறியதற்கு இந்தியாவில் எல்லாரும் காட்டும் எடுத்துக்காட்டு பறவையியலாளர் சலீம் அலி. 1908இல், பன்னிரண்டு வயதை எட்டாத சிறுவனாக, பொம்மைக் காற்றுத்துப்பாக்கியால் அவர் வீழ்த்திய ஒரு சிட்டின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. அது என்ன பறவை என்று கேட்டபோது அவருடைய மாமா அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் மில்லார்டிடம் அனுப்பினார். மில்லார்ட் அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னதோடு, பாடம்செய்த பறவைகள் அடங்கிய இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். இந்தக் கதையைத் திரும்பச் சொல்பவர்கள் சிட்டின் சாவை வலியுறுத்துகிறார்கள். வலியுறுத்த வேண்டியது மில்லார்டின் பொறுமையை. சிறுவனின் கேள்விக்கு நேரம் ஒதுக்கிய ஒரு பெரியவர் அங்கே இருந்தார். அந்தப் பெரியவர் கிடைக்காத சிறுவர்கள் எத்தனையோ பேர்.

அம்பத்தூர், ஆவடிப் பகுதியில் அந்தப் பெரியவராக இருக்க விரும்புபவருக்கு இடப் பஞ்சம் இல்லை. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம் ஏரி, 2019இல் பூங்காவாகத் திறக்கப்பட்ட ஆவடி பருத்திப்பட்டு ஏரி, பூவிருந்தவல்லிக்கு அப்பால் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் 24 அடி உயரமும் கொண்டு சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரி என்று ஒரு வரிசையே உண்டு. தொழிற்பேட்டைகளும் டாங்கித் தொழிற்சாலையும் அடுக்குமாடிகளும் சூழ்ந்த பின்னும், கழிவுநீரும் ஆகாயத்தாமரையும் ஆக்கிரமிப்பும் போட்டியிட்டு நெரித்த பின்னும், இந்த நீர்ப்பரப்புகளில் பறவைகள் இறங்குவதை விடவில்லை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை ஏரிகளை நிரப்பும். வட ஆசியாவிலிருந்து வலசை வரும், அதாவது பருவந்தோறும் நெடுந்தொலைவு இடம்பெயரும், நீலச்சிறகி, ஊசிவால் வாத்து முதலியவையும் அந்த மாதங்களிலேயே வந்து சேரும். எனவே மார்கழியும் தையும் முதல் நாளுக்கு ஏற்ற மாதங்கள்.

எங்கே நிற்பது என்பதில் முன்னோரே பாதி வேலையைச் செய்து வைத்திருக்கிறார்கள். தொண்டை மண்டலத்தின் நிலம் மேற்கிலிருந்து கடலை நோக்கிக் கிழக்காகச் சரிவதால், பெரும்பாலான ஏரிகளில் மண்கரை கிழக்குப் பக்கத்தில் எழுப்பப்பட்டு, நீர் மேற்கே விரிந்து நிற்கும். காலையில் கரைமீது நின்று நீரைப் பார்ப்பவருக்குக் கதிரவன் முதுகுப் பக்கம் இருப்பதால், பறவையின் இறகு நிறமும் அலகு நிறமும் கண் கூசாமல் துலங்கும். எதிர்க்கரையில் நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழலுருவமே. நீரைத் திறந்துவிடும் மதகருகிலும், மிகுந்த நீர் வழிந்தோடும் கலங்கலருகிலும் நீர் ஆழமற்றுச் சலசலப்பதால் கொக்கும் நாரையும் அங்கே கூடும். வரத்துக் கால்வாய் ஏரியில் சேரும் மேற்கு மூலையில் சம்பங்கோரை அடர்ந்திருந்தால் அங்கே நீலத் தாழைக்கோழி இருக்க வாய்ப்புண்டு.

முதல்நாள் மாலையிலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பைனாகுலர் எனப்படும் இருகண் நோக்கியில் 8 பெருக்கல் 42 என்று பொறித்திருந்தால், அது பொருளை எட்டு மடங்கு அருகே காட்டுவது, அதன் முன்புறக் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்பது பொருள். சிறு கைகளுக்கு 8 பெருக்கல் 30 இலகுவானது. பறவையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல், கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். இந்த ஒரு பழக்கம் இல்லாததால் முதல் காலையில் வெறும் வானத்தையும் மரக்கிளையையும் துழாவிச் சலித்துப்போகும் பிள்ளைகள் பலர். வீட்டு மொட்டைமாடியிலிருந்து மின்கம்பத்துக் காகத்தை வைத்துப் பழகினாலே போதும். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்பதும் வேட்டைக்காரர்களிடமிருந்து பெற வேண்டிய கணக்கு. நாற்பது பேரைப் பேருந்தில் ஏற்றிச் செல்லும் பள்ளிச் சுற்றுலாவில் பறவைகள் பேருந்தைத்தான் பார்க்கும்.

கரைக்கு வந்த பின் எத்தனை பறவை காட்டலாம் என்ற ஆசையே முதல் எதிரி. பட்டியலை நிரப்பும் பெரியவர் அடுத்தடுத்துப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போவார்; பிள்ளைக்குப் பெயர்கள் கிடைக்கும், பறவை கிடைக்காது. மதகருகே நிற்கும் ஒரே ஒரு மடையானைக் காட்டி அது என்ன செய்கிறது என்று கால்மணி நேரம் பார்க்கச் சொன்னால், அதன் கழுத்து எவ்வளவு மெதுவாக நீள்கிறது, மீனைக் கொத்துவதற்கு முன் தலை எப்படிச் சாய்கிறது, இரை தவறியபின் அது எவ்வளவு விரைவில் மீண்டும் சிலையாகிறது என்பதைப் பிள்ளையே சொல்லும். பிறகு அது எழுந்து பறக்கும்போது, அதுவரை சேற்று நிறமாக நின்ற உடலிலிருந்து தூய வெள்ளைச் சிறகுகள் விரிவதைக் கண்டு வாய்பிளக்கும். முக்குளிப்பான் என்னும் சிறு நீர்ப்பறவை முழுகியதும் எண்ணத் தொடங்கி, அது பத்தில் எழுகிறதா இருபதில் எழுகிறதா, எழும் இடம் முழுகிய இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கணக்கு வைக்கச் சொல்லலாம். மூடிய அலகிலும் நடுவே இடைவெளி தெரியும் நத்தைக்குத்தி நாரை, நத்தையின் ஓட்டிலிருந்து சதையைப் பிரித்தெடுப்பதைப் பார்த்த பிள்ளைக்கு அதன் பெயரை விளக்க வேண்டியதில்லை.

நல்ல வாய்ப்பு இருந்தால் அன்றைய காலையில் உண்மையான வேட்டையே நடக்கும். சேற்றுப் பூனைப்பருந்து எனப்படும் வலசைப் பருந்து, சிறகுகளை ஆங்கில எழுத்தான 'வி' போல உயர்த்திக் கோரைமீது தாழப் பறந்து வரும்போது, நீரிலிருந்த நாமக்கோழிகள் அனைத்தும் ஒரே கூட்டமாக நெருங்கிவிடும், வாத்துகள் எழும்பிவிடும், ஆள்காட்டி தன் பெயருக்கேற்பக் கூவும். பெரும்பாலும் பருந்து வெறுங்காலுடன் போய்விடும். வேட்டை பெரும்பாலும் தோற்கும் தொழில் என்பதைப் பெரும்பாணாற்றுப்படையின் எயினரும் அறிவர், அமெரிக்க மரத்தடியில் அமர்ந்த சிறுவனும் அறிவான். ஆவடிப் பிள்ளையும் அதைப் பருந்திடமிருந்தே அறிந்துகொள்ளும்.

இனி, பழைய வேட்டையிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாதது எது என்பது. இன்று கைப்பேசியில் எந்தப் பறவையின் குரலும் கிடைக்கிறது; அதை ஒலிக்கவிட்டு, தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் புகுந்துவிட்டது என்று நம்பி வெளியே வரும் பறவையைப் படமெடுக்கும் வழக்கம் பரவிவிட்டது. இது கூண்டுக் கௌதாரியின் மறுபிறப்பே, பார்வையின் பழைய பொருளே. அடைகாக்கும் பருவத்தில் பறவை கூட்டைவிட்டு வந்து இல்லாத எதிரியோடு போராடிக் களைக்கும். அந்நேரத்தில் முட்டை வெயிலில் வாடும், காகம் வரும். கௌதாரி வைத்துப் பிடித்தவர் தம் வீட்டு அடுப்புக்காகப் பிடித்தார். படத்துக்காக ஏமாற்றுபவருக்குக் கிடைப்பது சில நூறு லைக். இரண்டில் எது மன்னிக்கத்தக்கது என்பதில் ஐயம் வேண்டியதில்லை. கேமராவைக் கண்டிப்பது இவ்வுரையின் நோக்கம் அன்று. ஆயினும் முதல் நாளில் அது வீட்டிலேயே இருக்கட்டும். நீண்ட லென்ஸ் கையில் இருக்கும்போது பிள்ளை இன்னும் பத்து அடி நெருங்கவே விரும்பும். கரைச்சரிவிலுள்ள ஆள்காட்டியின் முட்டைகள் கூழாங்கல் போலவே இருப்பதால் அந்தப் பத்து அடிக்குள் அவை மிதிபடக்கூடும்.

காத்திருப்பதை எடுத்துக்கொள்ளலாம், அசையாமலிருப்பதை எடுத்துக்கொள்ளலாம், மறைந்திருப்பதையும் எடுத்துக்கொள்ளலாம். சிவப்புச் சட்டைக்குப் பதில் மண்நிறச் சட்டை அணியும் வழக்கம் வேட்டைக்கும் பறவை நோக்குதலுக்கும் பொதுவானது. வேட்டையில் கொன்ற பறவை இருந்த இடத்தில் இங்கே குறிப்பேட்டின் ஒரு வரி இருக்கும். தேதி, நேரம், ஏரியின் பெயர், பறவை, எண்ணிக்கை, அது செய்துகொண்டிருந்த செயல் ஆகியவற்றைப் பிள்ளையே தன் கையெழுத்தில் எழுத வேண்டும். பெயர் தெரியாத பறவைக்குத் 'தெரியவில்லை' என்றே எழுதி, அலகும் காலும் என்ன நிறம் என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். பெரியவருக்கும் தெரியவில்லை என்றால் அதைப் பிள்ளையின் முன் ஒப்புக்கொள்வதே நல்லது. ஊகத்தில் ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் அந்தத் தவறு பிள்ளையோடு பல ஆண்டு இருக்கும். சுட்ட பறவையைத் தூக்கிப் பார்த்துப் பெயர் உறுதிசெய்ய முடிந்த வேட்டைக்காரருக்கு இந்தச் சோதனை இருந்ததில்லை.

வேட்டைக்குப் பெரும்பாலும் மகனையே அழைத்துச் சென்றார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். ஏரிக்கரைக்கு மகளை அழைத்துச் செல்லாமலிருக்க எந்தக் காரணமும் இல்லை. கரையில் மாடு மேய்ப்பவரிடமும் தூண்டில் போடுபவரிடமும் பிள்ளையைப் பேசவிடுவதும் பயனுள்ளது. மழைக்குப் பின் எந்த மூலையில் நாரைகள் கூடும், எந்த ஆண்டு நீர் கலங்கலைத் தாண்டியது என்பதெல்லாம் அவர்களிடம் இருக்கும். பறவைகளின் தமிழ்ப் பெயர்களைப் பெருமுயற்சியோடு திரட்டிய க. ரத்னத்தின் நூல்களும் இத்தகைய ஊர்வாய்ப் பெயர்களுக்குக் கடன்பட்டவை.

தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கலையொட்டிப் பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. எந்த இடத்திலும் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளையெல்லாம் எண்ணி இணையத்தில் பதிய வேண்டும். கட்டணம் கிடையாது, முன்பதிவு கிடையாது, பைனாகுலர்கூடக் கட்டாயமில்லை. மாட்டுப்பொங்கலன்று காலை ஆறு மணிக்கு, அவையோர் ஒவ்வொருவரும் தம் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ உள்ள ஒரே ஒரு பிள்ளையை, இதுவரை கரையேறாத பிள்ளையை, அருகிலுள்ள ஏரிக்கு அழைத்துவர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறது.